நெடுந்தீவு

தமிழ்நாட்டில் செய்தித்தாள் வாசிப்பவர்களுக்கு நெடுந்தீவு என்ற பெயர் பழக்கமானது. "நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது" என்ற தலைப்பு ஆண்டுதோறும் பலமுறை வருகிறது. அந்தத் தலைப்புக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கல்வேலிகளுக்கு நடுவே மக்கள் வாழ்கிறார்கள். பள்ளிக்கூடம், கோயில், மாதா கோவில், வைத்தியசாலை, பிரதேச செயலகம் எல்லாம் இருக்கின்றன என்பது பலருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே பாக்கு நீரிணையில் கிடக்கும், மக்கள் வாழும் தீவுகளுள் நெடுந்தீவே மிகத் தொலைவில் உள்ளது. யாழ்ப்பாண நகரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 38 கிலோமீட்டர்; இராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். வேலணை, காரைநகர், மண்டைதீவு, புங்குடுதீவு ஆகியவற்றைத் தாம்போதிகள் எனப்படும் கடற்சாலைகள் குடாநாட்டோடு சேர்த்துவிட்டன. நெடுந்தீவுக்கு இன்றும் படகு ஒன்றே வழி. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியே புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். வந்து சேரும் துறைக்கு மாவிலித்துறை என்று பெயர். தீவில் இன்று வாழ்பவர்கள் நான்காயிரம் பேர் அளவில். உள்நாட்டுப் போருக்கு முன் இதைவிடக் கூடுதலானோர் இருந்தார்கள்.

கல்லும் நீரும்

நெடுந்தீவை விளங்கிக்கொள்ளத் தொடங்க வேண்டிய இடம் அதன் கல். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல் படிவின் மேல்தான் இருக்கிறது. ஆனால் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அந்தக் கல்லை ஆழமான செம்மண் மூடியிருப்பதால் புகையிலையும் வெங்காயமும் விளைகின்றன. நெடுந்தீவில் மண் மெல்லிய போர்வைதான். பல இடங்களில் அதுவும் இல்லை. பவளமும் சிப்பியும் இறுகிய பாறை வெயிலுக்கு நேரே முகங்காட்டிக் கிடக்கிறது. மண்வெட்டி போட்டால் கல்லில்தான் படும். தோட்டம் செய்ய நினைத்தவன் முதலில் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? வளவின் எல்லையில் அடுக்கினான். அதுவே வேலியாயிற்று.

இந்தக் கல்வேலிகள்தான் தீவின் முகம். குடாநாட்டின் மற்ற ஊர்களில் வேலி என்றால் கதியால் என்ற மரக்கம்புகளை நட்டு, கிடுகோ பனையோலையோ கட்டிய வேலி. ஆண்டுக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். நெடுந்தீவில் கதியாலுக்கு மரம் குறைவு, கல்லுக்குக் குறைவில்லை. சாந்து பூசாமல், ஒரு கல்லின் பள்ளத்தில் இன்னொன்றின் மேட்டைப் பொருத்தி இடுப்பளவுக்கோ மார்பளவுக்கோ எழுப்புகிறார்கள். இடையிலுள்ள துளைகள் வழியே சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று புகுந்து போய்விடுவதால் வேலி சாய்வதில்லை. ஆடு மாடு உள்ளே வராது. ஒரு பக்கம் சரிந்தால் அதே கல்லை எடுத்து அதே இடத்தில் வைத்துவிடலாம். மத்தியதரைக் கடலின் மால்டாவிலும் மெனோர்காவிலும் இதே மாதிரி சாந்தில்லாக் கற்சுவர்கள் வயல்தோறும் ஓடுகின்றன. அங்கும் சுண்ணக்கல், மெல்லிய மண், கடற்காற்று, கால்நடை. ஒரே சிக்கலுக்கு முன்னால் நின்ற மனிதர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கல் கொடுத்ததைக் கல்லே பறித்துக்கொள்ளவும் செய்கிறது. சுண்ணக்கல் துளைகள் நிறைந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மாரி மழையை அது பெரும்பாலும் குடித்துவிடும். மேலே ஆறு இல்லை, அருவி இல்லை. கீழே இறங்கிய மழைநீர், பாறைக்குள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் கடல்நீருக்கு மேலே, அதைவிட எடை குறைந்தது என்பதால் மிதந்து நிற்கிறது. கிணற்றில் கிடைக்கும் நல்ல தண்ணீர் என்பது இந்த மெல்லிய மிதப்புத்தான். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளரின் கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். அந்தக் கணக்கு படிக்காத நெடுந்தீவாருக்கும் அதன் பொருள் தெரியும். எந்தக் கிணற்றில் குடிக்கலாம், எதில் குளிக்க மட்டும் கூடும், எந்தத் துரவில் மாட்டுக்கு விடலாம், கோடை முற்றினால் எது முதலில் உவர்க்கும் என்பதெல்லாம் ஊரின் பொது அறிவு. குடிதண்ணீருக்குப் பேர்போனது சாறாப்பிட்டி. அங்குள்ள பழைய கிணறுகள் கோடையிலும் நன்னீர் தருவதால் தீவின் வரலாறு அடிக்கடி அந்த இடத்துக்குத் திரும்பி வருகிறது.

நிலத்தின் மேல் பனை நிற்கிறது. தென்னை நீர் கிடைக்கும் இடங்களில் மட்டும். மற்றபடி தாழை, முட்செடி, பற்றை. தெற்கிலும் மேற்கிலும் வெல்லை எனப்படும் வெளிகள். மாரியில் அவை பச்சைப் புல்லாய், இடையிடையே நீர் தேங்கி நிற்கும். கோடையில் புல் கருகி, வெண்கல் தெரியும். குதிரைகள் அங்கேதான் மேய்கின்றன. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் ஒன்றும் தீவில் நிற்கிறது. அடிமரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். அரபு வணிகரோ போர்த்துக்கேயரோ கொண்டுவந்திருக்கலாம் என்பார்கள். மன்னாரிலும் இதே மரம் இருப்பதால், கடல்வழி வந்த விதை எனக் கருதலாம்.

பெயர்கள்

நெடுந்தீவு என்பது நீண்ட தீவு. தமிழர் வாயில் அது மாறவே இல்லை. பசுத்தீவு, பால்தீவு என்ற பெயர்களும் உண்டு. கால்நடை மிகுதியால் வந்தவை. போர்த்துக்கேயரும் அதையே தங்கள் மொழியில் 'பசுக்களின் தீவு' என்று அழைத்தார்கள்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். வேலணைக்கு லைடன், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடல்பர்க், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லம். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். இந்த நகரங்களுள் ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம் நான்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கிளை அவைகள் இயங்கிய இடங்கள். கம்பனிக்காரர் தங்கள் வீட்டுப் பெயரையே கடலில் எழுதிப் பார்த்தார்கள் எனலாம். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் டெல்ஃப்ட் நகரில் வெர்மீர் தன் ஊரின் வாய்க்காலையும் ஓட்டுக் கூரைகளையும் ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருந்தார். நீர் நிறைந்த அந்த ஊரின் பெயர், நீருக்கு ஏங்கும் இந்தத் தீவின் தலையில் வந்து விழுந்தது. மற்றப் பெயர்கள் பழைய நிலப்படங்களோடு பெரும்பாலும் போய்விட்டன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலேயர் வழியாக இன்றுவரை ஆங்கில, சிங்கள வழக்கில் அரசாங்கப் பெயராக நிலைத்திருக்கிறது. தமிழில் எழுதும்போது நெடுந்தீவு என்றே எழுதுவது நல்லது. அந்தப் பெயர் அங்கு வாழ்பவர்கள் வைத்தது.

பழங்காலம்

தீவின் மேற்குப் பக்கத்தில் பவளக்கற்களால் ஆன சிதைந்த மேடுகள் உள்ளன. வட்டமான அடித்தளங்கள் தெரிவதால் இவை பௌத்த தூபிகள் என்று தொல்லியலாளர் கொள்கிறார்கள். ஊர் மக்கள் அந்த இடத்தை வெடியரசன் கோட்டை என்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை. தமிழகத்திலும் வட இலங்கையிலும் தமிழ் பேசிய பௌத்தர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். மணிமேகலை அதற்குச் சான்று. அந்தக் காப்பியத்தின் மணிபல்லவத்தை அருகிலுள்ள நயினாதீவோடு பொருத்திப் பார்ப்பவர்களும் உண்டு. தூபி இருந்தது என்றால் வந்தவர் வேற்றவர் என்றோ, தமிழர் ஊர் என்றால் தூபி இருந்திருக்காது என்றோ வாதிடுவது இந்தக் கடலின் வரலாற்றைச் சுருக்கிவிடும். இன்றைய அரசியல் இந்தக் கற்களின் மேல் வந்து அமர்ந்திருப்பது வருத்தத்துக்குரியது.

வெடியரசன் கதை ஈழத்தின் வாய்மொழி மரபிலும், கண்ணகி வழக்குரை என்ற நூலிலும் வருகிறது. கண்ணகியின் சிலம்புக்குள் இட நாகமணி வேண்டும். அதைக் கொண்டுவர மீகாமன் என்ற கப்பற்றலைவன் சோழநாட்டிலிருந்து புறப்படுகிறான். வழியில் முக்குவர் என்ற கடலோடிக் குடியின் தலைவனான வெடியரசன் தன் கடலில் அனுமதியின்றிக் கப்பல் செல்வதைத் தடுக்கிறான். கடற்போர் மூள்கிறது, வெடியரசன் தோற்கிறான், அவன் தம்பி விளங்குதேவன் பழிவாங்கப் புறப்படுகிறான். மதுரையில் உச்சம் கொள்ளும் கண்ணகி கதைக்கு இந்தத் தீவுக் கடலில் ஒரு தொடக்கம் கொடுத்திருக்கிறார்கள் ஈழத்தவர். கண்ணகி வழிபாடு தமிழ்நாட்டில் மங்கிய பிறகும் ஈழத்தில் செழித்து நின்றது என்பதை நினைத்தால் இது இயல்பே. 'என் கடலில் யாரைக் கேட்டு வந்தாய்' என்ற வெடியரசனின் கேள்வி பாக்கு நீரிணையில் இன்னும் ஓயவில்லை.

எழுத்துச் சான்று என்று பார்த்தால் அருகிலுள்ள நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பிற நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மற்றப் பொருள் ஏற்றிய கலமானால் சரிபாதி என்று அது சொல்கிறது. சிங்கள மன்னன் தமிழில் ஆணை எழுதுவித்தான் என்பதே அந்தக் கடலில் யார் நடமாடினார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது. குதிரை ஏற்றிய கப்பல்கள் இந்தத் தீவுகளுக்கிடையே சட்டம் எழுதும் அளவுக்கு அடிக்கடி போய்வந்தன என்பதும் தெரிகிறது.

யாழ்ப்பாண அரசு காலத்தில் தீவில் குடியமர்த்தப்பட்டவராகத் தனிநாயக முதலி என்பவரை மரபு சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் அந்தப் பெயர் வருகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பெயர் மீண்டும் ஒருமுறை உலகறிய எழுந்தது; அதைப் பின்னால் பார்ப்போம்.

பறங்கியரும் ஒல்லாந்தரும்

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. தீவுகளும் அதோடு போயின. தீவின் வடகரையில், இன்றைய வைத்தியசாலைக்கு அருகே, பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய இரண்டு மாடிக் கோட்டையின் இடிபாடு நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைக்கு மாறியது. மேல்தளம் விழுந்துவிட்டது, சுவர்களின் தடிப்பும் படிக்கட்டின் அடையாளமும் எஞ்சியிருக்கின்றன. ஊரவர் கல்வேலி கட்டிய அதே கல்தான் கோட்டைச் சுவரிலும். ஒன்று சாந்தில்லாமல் நிற்கிறது, மற்றது சாந்தோடு விழுந்துகொண்டிருக்கிறது.

கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில் புறாக்கூடு. உயர்ந்த தூண்மேல் சிறு கோபுரம்போல் கட்டி, சுவரெங்கும் புறா தங்கும் பொந்துகள் வைத்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணக் கோட்டைக்குச் செய்தி அனுப்ப வளர்த்த புறாக்கள் இங்கே தங்கின என்பது வழிவழிச் செய்தி. சோளகம் வீசும் மாதங்களில் வள்ளம் ஓடாது. அன்று கடலுக்கு மேலால் மட்டும் ஒரு தபால் பாதை இருந்திருக்கிறது. இந்தச் சிறு கட்டடம், தீவு வாழ்வின் அடிப்படைத் துன்பத்தைப் பெரிய கோட்டையைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

குதிரைகள் நெடுந்தீவின் பெயரோடு பிரிக்க முடியாதவை. இவற்றைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டார்கள் என்பதே பரவலான கருத்து. ஒல்லாந்தர் அதை ஒரு வருமானத் தொழிலாக்கினார்கள். தீவு என்பது குதிரைக்கு இயற்கைப் பட்டி. சுற்றிலும் கடல், ஓடிப்போக இடமில்லை, வேட்டையாடும் பெருவிலங்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆட்சித் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன் 1697இல் தமக்குப் பின் வருவோருக்கு விட்டுச்சென்ற குறிப்பிலேயே தீவுகளில் நடந்த குதிரை வளர்ப்பு பேசப்படுகிறது. தென்னிந்தியச் சந்தையில் குதிரைக்கு எப்போதும் விலை இருந்தது. தமிழகத்து மன்னர்கள் அரேபியாவிலிருந்து குதிரை வாங்கி வாங்கிக் கருவூலத்தைக் கரைத்த நாடல்லவா அது.

சாறாப்பிட்டியில் குதிரைக் கொட்டிலின் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன, கூரை இல்லை. அருகில் கல்லில் செதுக்கிய நீர்த்தொட்டிகள், கிணறுகள். நீர் இருந்த இடத்தில்தான் லாயமும் எழுந்திருக்கிறது. தண்ணீர் இறைத்துத் தொட்டி நிரப்பியவர்கள் யார் என்று எந்தக் குறிப்பும் பெயர் சொல்லவில்லை. ஊர்க் குடிகளாகவே இருந்திருக்க வேண்டும். கட்டாய ஊழியம் அன்று யாழ்ப்பாணம் முழுவதும் இருந்தது. தீவுகளில் சாயவேர் தோண்டும் வேலையும் அப்படியே. துணிக்குச் செந்நிறம் ஏற்ற அந்த வேர் வேண்டும். கோரமண்டல் கரையின் நெசவுக்குத் தேவைப்பட்ட சரக்கு. மணற்பாங்கான நிலத்தில் குனிந்து வேர் கிண்டுவது முதுகை முறிக்கும் வேலை.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற படைத்துறை அதிகாரி தீவிலேயே தங்கிக் குதிரைப் பண்ணையை நடத்தினார்; அவரைப் பற்றிய கதைகள் பல தலைமுறை ஊரில் உலவின. பண்ணை பின்னர் கைவிடப்பட்டது. குதிரைகள் போகவில்லை. ஆளில்லாத வெல்லையில் அவை தாமாகப் பெருகின. பார்வைக்கு மட்டக்குதிரை, வறண்ட புல்லிலும் உவர் நீரிலும் பழகிப் பழகி உடம்பு சிறுத்திருக்கலாம். வெல்லைக்கு அப்பால் தெற்குக் கரையில் நிற்கும் குவிந்தா என்ற சுண்ணக்கல் கோபுரம், கப்பல்களுக்குத் திசை காட்ட எழுப்பியது.

ஊர் வாழ்வு

தீவை மேற்கு, மத்தி, கிழக்கு என்று பிரித்துச் சொல்வார்கள். சைவரும் கத்தோலிக்கரும் கலந்து வாழ்கிறார்கள். மாரியில் சிறுதானியமும் பயறும் விதைத்தார்கள். கோடையில் கடல். இரண்டுக்கும் நடுவே எப்போதும் பனை. நுங்கு, பதநீர், பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல். மீனும் நண்டும் இறாலும் போட்டு ஒடியல் மாவில் காய்ச்சும் கூழ் குடாநாடு முழுவதற்கும் பொதுவானது. பிடித்த மீன் அரை மணியில் அடுப்புக்கு வரும் தீவில் அதன் சுவை தனி. ஓலையில் பெட்டி, கடகம், பாய், நீற்றுப்பெட்டி இழைப்பது பெண்களின் கைவேலை.

பாலும் தயிரும் நெய்யும் தீவின் செல்வம். மாடுகள் கட்டுக்கு அடங்கி வளர்ந்தவை அல்ல. மேய விட்டுவிட்டால் தாமே போய்த் தாமே வரும். யாருடைய மாடு என்பதற்குக் குறி சுடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. கல்வேலியின் வேலையே இங்கு தலைகீழானது: மற்ற ஊர்களில் மாட்டை உள்ளே அடைத்து வைக்க வேலி, இங்கே மாட்டுக்கு ஊரெல்லாம் உரியது, தோட்டத்தைத்தான் வேலிக்குள் அடைக்க வேண்டும்.

ஆண்டாண்டாய் உயர்ந்து வருவதாக மக்கள் நம்பும் ஒரு கல்லை 'வளரும் கல்' என்று சொல்லிக் கும்பிடுகிறார்கள். பாறையில் பதிந்த பெரிய பாதச்சுவடு ஒன்றும் உண்டு. அதை ஆதாமின் பாதம் என்பாரும் உளர், அனுமன் இலங்கைக்குத் தாவியபோது ஊன்றிய கால் என்பாரும் உளர்.

தனிநாயக முதலியின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டவர் சேவியர் தனிநாயகம் அடிகள். 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பொனில் பிறந்தவர். தந்தை வழி நெடுந்தீவு. துறவியாகி, உரோமாபுரியில் இறையியலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழும் கற்றார். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964இல் உருவாக முன்னின்றார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்டினார். தமிழ் அச்சின் முதல் நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடி அடையாளங் காட்டியவரும் அவர். போர்த்துக்கேயர் ஆண்ட தீவுகளிலிருந்து வந்தவர், அதே போர்த்துக்கேயரின் ஆவணங்களுக்குள் புகுந்து தமிழைத் தேடினார். நெடுந்தீவில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

குமுதினி

தீவில் எந்தக் குடும்பத்தோடு பேசினாலும் சிறிது நேரத்தில் ஒரு படகின் பெயர் வரும். குமுதினி என்பது நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய அரச பயணிகள் படகு. பிள்ளைகள் படிக்கப் போவதும், நோயாளியை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், கலியாணச் சாமான் வருவதும், கச்சேரி எனப்படும் அரச அலுவலகத்துக்குக் கடதாசி கொண்டுபோவதும் அதில்தான். ஒரு தீவுக்குப் படகு என்பது வீதி.

1985 மே 15ஆம் நாள் காலை நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஏறியவர்கள் இலங்கைக் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். பயணிகளைப் படகின் கீழ்த்தட்டிலிருந்து ஒவ்வொருவராக அழைத்து, கத்தியாலும் கோடரியாலும் வெட்டினார்கள். கைக்குழந்தை முதல் முதியவர் வரை கொல்லப்பட்டார்கள். ஊர் நினைவில் வைத்திருக்கும் எண்ணிக்கை 36. பிணங்களுக்கு அடியில் பிணம்போலக் கிடந்து தப்பியவர்களால்தான் நடந்தது வெளியே தெரிந்தது. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் மே 15இல் தீவில் விளக்கேற்றுகிறார்கள்.

இந்தக் கொலையின் கொடுமை எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒரு தீவு ஊர் தன் ஒரே வழியிலேயே வெட்டப்பட்டது. அடுத்த நாளும் அடுத்த ஆண்டும் அதே கடலைக் கடந்துதான் மருந்து வாங்க வேண்டும். அதே படகு பழுது பார்க்கப்பட்டு மீண்டும் ஓடியது. அதிலேயே மக்கள் ஏறினார்கள்; ஏறாமல் என்ன செய்வது?

1990களின் தொடக்கம் முதல் தீவுகள் கடற்படையின் கட்டுப்பாட்டில் வந்தன. பலர் பெருநிலப்பரப்பிலுள்ள வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியமர்ந்தார்கள். அங்கிருந்தும் போர் அவர்களைத் துரத்தியது. பலர் கொழும்பு, தமிழ்நாடு, கனடா, ஐரோப்பா என்று சிதறினார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பியவர்கள் சிலரே. ஆளில்லாத வளவுகள் இப்போது தீவில் ஏராளம். வீடு விழுந்துவிட்டது, கிணறு தூர்ந்துவிட்டது, கல்வேலி மட்டும் எல்லை காட்டிக்கொண்டு நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைக்கு 'இதுதான் எங்கட வளவு' என்று காட்ட அந்த வேலி உதவுகிறது.

கச்சதீவும் மீன்பாடும்

1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டின்படி இலங்கையின் எல்லைக்குள் வந்த கச்சதீவு நிருவாகத்தில் நெடுந்தீவோடு சேர்ந்தது. ஏறக்குறைய 285 ஏக்கர். குடிநீர் இல்லை, குடியும் இல்லை. அங்குள்ள அந்தோனியார் கோவில் நெடுந்தீவுப் பங்கைச் சேர்ந்தது. மாசி, பங்குனி காலத்தில் வரும் திருவிழாவுக்கு இராமேசுவரம் பக்கத்திலிருந்தும் யாழ்ப்பாணத் தீவுகளிலிருந்தும் மீனவர்கள் வருகிறார்கள். போர்க்காலத்தில் தடைப்பட்டு மீண்டும் தொடர்ந்தது. ஓரிரவு தங்கி, சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, காலைப்பூசை முடிந்து கலைவார்கள். சோப்பு, கருவாடு, துணி என்று முன்பு பண்டமாற்றும் நடந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுகளும் இருந்தன.

அந்த உறவைத்தான் இழுவை மடி அறுத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போகும்போது, சிறு படகில் வலை விரித்த தீவு மீனவரின் வலையும் சேர்ந்து போகிறது. போர்க்காலத்தில் ஈழத்து மீனவருக்குக் கடல் மூடிக்கிடந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இழுவைத் தொழில் பெருகியது; போர் முடிந்து இவர்கள் கடலுக்கு இறங்கியபோது இடம் இல்லை. கைதாகும் தமிழ்நாட்டு மீனவரும் பெரும்பாலும் கூலிக்கு ஏறியவர். இரண்டு பக்கமும் ஏழைத் தமிழ்க் குடும்பம். ஆனால் பவளமும் கடற்புல்லும் கிழிக்கப்படும் கடல் எந்தப் பக்கத்துக்கும் மீன் தராது. இழுவை மடி நிற்க வேண்டும் என்று நெடுந்தீவார் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இன்று

2017இல் நெடுந்தாரகை என்ற பயணிகள் படகு சேவைக்கு வந்தது. வார இறுதிகளில் இலங்கையின் தெற்கிலிருந்து சுற்றுலாப் பயணிகள் திரளாக வருகிறார்கள். முச்சக்கர வண்டியில் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், வளரும் கல், குதிரை என்று ஒரே சுற்றில் பார்த்துவிட்டுப் பிற்பகல் படகில் திரும்புகிறார்கள். ஊரவர் மருத்துவத்துக்குப் போக வேண்டிய நாளிலும் படகில் இடம் போட்டியாகிறது.

மின்சாரம் தீவிலேயே டீசலில் எடுக்கப்பட்டு வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, சூரிய ஒளி மின் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியாவின் எதிர்ப்பால் நின்று, பின்னர் இந்திய நன்கொடையாக மாறியது. அதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தானது. மூன்று சிறு தீவுகளின் விளக்குக்குள் இரண்டு பேரரசுகளின் கணக்கு புகுந்துகொண்டது. பராக்கிரமபாகு தமிழில் ஆணை வெட்டுவித்த நாளிலிருந்து இந்தக் கடலுக்கு அது புதிதல்ல.

குதிரைகள் மேயும் பகுதி உள்ளிட்ட ஏறக்குறைய 1,846 ஹெக்டேர் நிலம் 2015 ஜூனில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. பூங்கா என்ற அறிவிப்பு புல்லை முளைப்பிக்காது. மழை பொய்த்த ஆண்டுகளில் வெல்லையின் குட்டைகள் வற்றிக் குதிரைகள் செத்து விழுந்தன. மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் பங்கு எப்படி என்பதும், தங்கள் முன்னோர் மாடு விட்ட வெளியில் இப்போது யார் அனுமதி கேட்க வேண்டும் என்பதும் ஊரில் தீராத பேச்சு.

கடுங்கோடையில் ஊர் இளைஞர்கள் தண்ணீரைத் தாங்கி வண்டியில் கொண்டுபோய் வெல்லையில் ஊற்றுகிறார்கள். ஒல்லாந்தர் காலத்துத் தொட்டிகள் ஒரு பக்கம் வெடித்துக் கிடக்க, சீமெந்துத் தொட்டிகள் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். மாலையில் குதிரைகள் வரிசையாக வந்து குடிக்கின்றன. தாய்க்குதிரையோடு குட்டியும் வரும்.